கலையின் பயனை அளந்த வரலாறு



ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை வருகைப் பதிவேட்டைத் திறப்பதாகும். 34 ஆண்டுகள் நான் அவ்வேலையைச் செய்தேன். ஒவ்வொரு பெயராக அழைப்போம். "உள்ளேன் ஐயா" என்று விடை வரும். விடை வராத பெயரின்மேல் நம் கண் ஒரு கணம் நிற்கும். வந்தவர்களுக்குப் பாடம் நடத்தலாம். வராதவனைப் பற்றியோ விசாரிக்க வேண்டும். ஆசிரியத் தொழிலில் பாதி அந்த விசாரணையில் அடங்கியிருக்கிறது என்பதை நான் காலம் தாழ்த்தியே உணர்ந்தேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கலைகளால் சமுதாயத்துக்கு விளையும் பயனை அறிஞர்கள் அளந்து பார்க்க முயன்ற வரலாறு. பாட்டுப் பாடுவதும், படம் எழுதுவதும், நாடகம் ஆடுவதும், அவற்றைக் கூடியிருந்து கண்டு மகிழ்வதும் மனிதர்க்கு இன்பம் தருவன என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அவற்றால் ஊருக்கு என்ன நன்மை? உடல் நலம் வளர்கிறதா? ஒழுக்கம் உயர்கிறதா? பிறர்மேல் இரக்கம் பெருகுகிறதா? பெருகுகிறது என்றால் அதற்குச் சான்று என்ன? இவ்வினாக்கள் பொழுதுபோக்குக்காக எழுந்தவை அல்ல. பள்ளியில் இசை வகுப்பு வேண்டுமா, ஊரில் ஓர் அரங்கு கட்டலாமா என்று முடிவு செய்வோர் அனைவர் முன்னும் இவை நிற்கின்றன. என் முன்னும் ஒரு முறை நின்றன. நான் பிழையான முறையில் விடை கண்டேன். அப்பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில், ஓர் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்துவிட்டது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். நான் கால அட்டவணையை எடுத்து மேசைமேல் விரித்தேன். செவ்வாயும் வெள்ளியும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓவியப் பாடவேளை இருந்தது. ஆண்டு விழாவுக்கு முன் நாடக ஒத்திகை என்று ஒரு மாதம் மாலை நேரம் கழிந்தது. இரண்டையும் எடுத்துக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தேன். ஓவிய ஆசிரியர் என் அறைக்கு வந்து நின்றார். "ஐயா, சில பிள்ளைகள் அந்த இரண்டு நாளுக்காகத்தான் பள்ளிக்கு வருகிறார்கள்" என்றார். "அதற்குச் சான்று உண்டா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் கூறாமல் திரும்பிப் போனார். அடுத்த ஆண்டு தேர்ச்சி சற்று உயர்ந்தது. என்னைப் பாராட்டினார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன், நாடகத் திரை எழுதுவதில் கை தேர்ந்தவன், தைத் திங்களுக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கில் அவன் இல்லை. ஏனென்றால் அவன் தேர்வு எழுதவே இல்லை.

சான்று உண்டா என்று நான் கேட்டது தவறன்று. அக்கேள்வியைக் கேட்டுவிட்டு, சான்றைத் தேடாமல் இருந்ததுதான் தவறு. பணி ஓய்வு பெற்ற பிறகு அதைத் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, என்னைவிடப் பெரிய அறிஞர்களும் இவ்வழியில் தடுக்கி விழுந்து எழுந்திருக்கிறார்கள் என்று கண்டேன். அவர்கள் கதையைக் கேளுங்கள்.

முதலில் அமெரிக்க நாட்டின் சிகாகோ மாநகருக்குச் செல்வோம். 1889ஆம் ஆண்டில் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்மணிகள், அந்நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினர். ஹல் ஹவுஸ் என்பது அதன் பெயர். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், யூதர் எனப் பல நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். அம்மக்களுக்குக் குழந்தைகள் காப்பகமும் மாலை வகுப்பும் மட்டுமன்றிக் கலையும் வேண்டும் என்று அவ்விருவரும் கருதினர். 1891இல் ஓர் ஓவியக்கூடம் எழுந்தது. 1893இல் ஓர் இசைப்பள்ளி தொடங்கியது. பின்னர் நாடகக் குழுவும் அமைந்தது. கிளாரினெட் இசையில் உலகப் புகழ் பெற்ற பென்னி குட்மன், சிறுவனாக இருந்தபோது அங்கு இசை பயின்றவரே.

அதே இல்லத்தார் மற்றொரு பெரும் பணியும் செய்தனர். அக்கம்பக்கத்து வீடுகளில் வாழ்வோர் எந்நாட்டினர், வாரத்துக்கு எவ்வளவு கூலி பெறுகின்றனர் என்று விசாரித்து, அவற்றை வண்ணம் தீட்டிய வரைபடங்களாக 1895இல் வெளியிட்டனர். சமுதாய ஆராய்ச்சி நூல்களில் அது முன்னோடிகளுள் ஒன்று. வியப்பு என்னவெனில், கலையை வளர்த்த கையும் கணக்கெடுத்த கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆனால் கலையால் அத்தெருவுக்கு விளைந்த நன்மையை அக்கணக்கு அளக்க முற்படவில்லை. அது நன்மை என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள், மனத்தால் நம்பினார்கள். அக்காலத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்து இங்கிலாந்து. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1940இல், இசையையும் கலைகளையும் ஊக்குவிக்க அந்நாட்டில் ஒரு குழு அமைந்தது. தொழிற்சாலைகளிலும், குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் பதுங்கிய இடங்களிலும் இசை நிகழ்ச்சிகள் நடந்தன. 1942இல் அக்குழுவின் தலைவரானவர் ஜான் மேனார்ட் கெயின்ஸ். பொருளாதார மாணவர்க்கு அப்பெயர் நன்கு தெரியும். போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், அவர் வானொலியில் பேசி, அக்குழு நிலையான கலை மன்றமாக மலரப் போவதை மக்களுக்கு அறிவித்தார். 1946இல் மன்றத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. அதற்குச் சில திங்கள் முன்னரே கெயின்ஸ் மறைந்துவிட்டார்.

இங்கே வரலாற்றில் ஒரு திருப்பம் நேர்கிறது. கலைக்குப் பணம் தருபவர் செல்வராக இருக்கும்வரை, "ஏன் தருகிறாய்?" என்று கேட்பாரில்லை. மக்களின் வரிப்பணம் கலைக்குச் செல்லத் தொடங்கியதும், "மக்களுக்கு என்ன கிடைத்தது?" என்ற வினா பிறந்தே தீரும். அது நேர்மையான வினா.

1966ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இருவர் எழுதியது. பீத்தோவன் இயற்றிய நால்வர் இசையை வாசிக்க, அவர் காலத்திலும் நால்வர் வேண்டும். இன்றும் நால்வர் வேண்டும். நேரத்தையும் குறைக்க இயலாது. துணி நெய்யும் ஆலையிலோ, புதிய இயந்திரத்தால் ஒருவர் பலருடைய வேலையைச் செய்துவிடுகிறார். மற்றத் தொழில்களில் ஊதியம் உயர உயரக் கலைஞர்க்கும் உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஆதலால் கலை நிகழ்ச்சியின் செலவு ஏறிக்கொண்டே போகும். இதுவே அவர்கள் காட்டிய உண்மை. இதனோடு அரங்குகளுக்கு வந்தவர் யார் என்றும் அவர்கள் விசாரித்தனர். வந்தவருள் மிகப் பலர் உயர்கல்வியும் நல்ல வருவாயும் உடையவர் என்று தெரிந்தது.

மற்றொரு நூல் பிரான்சிலிருந்து வந்தது. பியர் போர்தியே, அலேன் தார்பெல் என்னும் இருவர் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் கலைக் காட்சிசாலைகளுக்கு வருவோரை ஆராய்ந்து எழுதியது அது. காட்சிசாலையின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கிறது. ஆயினும் உள்ளே நுழைவோர் பெரும்பாலும் படித்த வகுப்பினரே. உழைப்பாளர் குடும்பத்தார் மிகச் சிலரே என்று அவர்கள் காட்டினர். நுழைவுக் கட்டணத்தைவிட, இளமையில் வீட்டிலும் பள்ளியிலும் கலையோடு பழகாமையே பெரிய தடை என்பது அவர்கள் கண்ட முடிவு.

மாணவர்களே, இவ்விரு நூல்களும் ஒரே ஆண்டில் ஒரே இடத்தில் விரல் வைத்தன. அரங்கில் அமர்ந்திருப்பவரைப் பார்த்துவிட்டு, "கலை இவர்களைப் பண்படுத்தியது" என்று சொல்லுமுன், அரங்குக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே அது. ஏனெனில் வந்தவர் முன்னரே படித்தவராகவும் வசதி உள்ளவராகவும் இருந்தால், அவர் வாழ்வில் நாம் காணும் நன்மை கலையால் வந்ததா, வசதியால் வந்ததா?

இந்தப் பாடம் எளிதில் மறக்கப்பட்டது. 1997இல் இங்கிலாந்தில் பிரான்சுவா மத்தராசோ என்பவர் எழுதிய ஓர் ஆய்வு வெளிவந்தது. கலை நிகழ்ச்சிகளில் தாமே கலந்துகொண்டு பாடியும் ஆடியும் வரைந்தும் பங்கு கொண்ட மக்களிடம் வினாத்தாள் கொடுத்து விடை பெற்று, கலையால் சமுதாயத்துக்கு விளையும் நன்மைகள் 50 என்று அவர் பட்டியலிட்டார். தன்னம்பிக்கை வளர்கிறது, புதிய நட்பு உண்டாகிறது, ஊரின்மேல் பற்று மிகுகிறது என்று அப்பட்டியல் நீள்கிறது. பார்ப்பதைவிடப் பங்கு கொள்வதே பெரிது என்று அவர் வலியுறுத்தியது மிக நல்ல கருத்து. அரசாங்கத்தாரும் கலை அமைப்பினரும் அந்நூலை ஆவலோடு மேற்கோள் காட்டினர்.

2002இல் பவோலா மெர்லி என்னும் ஆராய்ச்சியாளர் அதனை எடுத்து, ஒரு தேர்வாளர் விடைத்தாளைத் திருத்துவது போலத் திருத்தினார். பங்கு கொண்டவர்களைக் கேட்டீர்கள். பங்கு கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டீர்களா? நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்டீர்கள். தொடங்குமுன் அவர்கள் எந்நிலையில் இருந்தார்கள் என்று அளந்தீர்களா? இவை போன்றவை அவர் எழுப்பிய தடைகள். விருந்து முடித்து எழுபவரிடம், "உணவு நன்றாக இருந்ததா?" என்று கேட்டால், அவர் வேறு என்ன சொல்வார்? மெர்லி கலைக்குப் பகைவர் அல்லர். கலையை வலுவற்ற சான்றின்மேல் நிறுத்தினால் ஒருநாள் அது சாய்ந்துவிடும் என்பதே அத்திருத்தத்திலிருந்து நாம் கற்கும் பாடம்.

இதற்கிடையே மருத்துவ அறிஞர் வேறொரு வழியில் நடந்தனர். ஸ்வீடன் நாட்டில் 1982, 1983 ஆண்டுகளில், 16 முதல் 74 வயது வரை உள்ள மக்களிடம் வாழ்க்கை நிலை பற்றி ஒரு விசாரணை நடந்தது. நாடகம், இசை, காட்சிசாலை ஆகியவற்றுக்கு எத்தனை முறை செல்கிறீர் என்பதும் அதில் ஒரு கேள்வி. அவர்களுள் 12,675 பேரை 1991ஆம் ஆண்டு முடிவு வரை பின்தொடர்ந்தனர். 847 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். பிக்ரென் என்பவரும் அவர் தோழர்களும் 1996இல் வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி கலை நிகழ்ச்சிக்குச் சென்றவரோடு ஒப்பிட, அரிதாகச் சென்றவர்க்கு இறப்பு நேரும் வாய்ப்பு 1.57 மடங்காக இருந்தது. கல்வி, வருவாய், நாட்பட்ட நோய், புகைப் பழக்கம், உடற்பயிற்சி, உற்றார் தொடர்பு ஆகியவற்றின் வேறுபாட்டைக் கணக்கில் கழித்த பிறகும் இவ்வேற்றுமை எஞ்சி நின்றது.

2019இல் இங்கிலாந்திலிருந்து இதுபோன்ற மற்றொரு முடிவு வந்தது. டெய்சி ஃபேன்கோர்ட், ஆண்ட்ரூ ஸ்டெப்டோ இருவரும் 50 வயதுக்கு மேற்பட்ட 6,710 பேரை 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். ஒருபோதும் கலை நிகழ்ச்சிக்குச் செல்லாதவரைவிட, ஆண்டுக்கு ஓரிரு முறை சென்றவர்க்கு இறப்பு வாய்ப்பு நூற்றுக்கு 14 பங்கு குறைவு. சில திங்களுக்கு ஒரு முறையேனும் சென்றவர்க்கு நூற்றுக்கு 31 பங்கு குறைவு.

இதைக் கேட்டதும் நாளையே அரங்குக்குச் சென்றால் ஆயுள் நீளும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கேயும் வருகைப் பதிவேடு நம்மை எச்சரிக்கிறது. நோயுற்றவன் நாடகம் பார்க்கப் போக மாட்டான். அவன் போகாமையால் நோயுற்றானா, நோயுற்றமையால் போகவில்லையா? ஆராய்ச்சியாளர் இந்த ஐயத்தை அறிந்தவர். தம்மால் இயன்றவரை அதை நீக்கவும் முயன்றனர். ஆயினும் மனிதரைக் கூர்ந்து கவனிப்பதால் மட்டும் காரணத்தை உறுதி செய்ய முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டனர். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்வது ஆராய்ச்சி ஒழுக்கத்தின் உயிர்நிலை.

தனி மனிதரை விட்டு ஊரையே அளந்தவரும் உண்டு. மார்க் ஸ்டெர்ன், சூசன் சைஃபர்ட் என்னும் இருவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1994 முதல் இவ்வாராய்ச்சியை நடத்தி வந்தனர். எந்தத் தெருவில் எத்தனை கலைக்குழுக்கள், எத்தனை கலைஞர்கள், எத்தனை பங்கேற்பாளர் என்று வரைபடத்தில் குறித்தனர். 2017இல் நியூயார்க் நகரைப் பற்றி அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஒன்று கவனிக்கத்தக்கது. வருவாய் குறைந்த பகுதிகளுள்ளும் கலை வளம் மிகுந்தவை உண்டு, குறைந்தவையும் உண்டு. ஏழைப் பகுதியை ஏழைப் பகுதியோடு ஒப்பிட்டபோது, கலை வளம் மிகுந்த இடங்களில் கடுங்குற்றங்கள் நூற்றுக்கு 18 பங்கு குறைவாகவும், குழந்தைகளைத் துன்புறுத்தல், புறக்கணித்தல் பற்றிய வழக்குகள் நூற்றுக்கு 14 பங்கு குறைவாகவும் காணப்பட்டன. இது தொடர்பே அன்றிக் காரணம் என நிறுவப்படவில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஏழையைச் செல்வனோடு ஒப்பிடாமல் ஏழையோடு ஒப்பிட்டார்களே, அது அவர்கள் எடுத்து வைத்த முன்னேற்ற அடி.

இனித் தென் அமெரிக்காவின் வெனிசுலா நாடு. அங்கு 1975இல் ஹோசே அந்தோனியோ ஆப்ரே என்னும் பெருமகன், சிறுவர் சிறுமியர்க்கு வாத்தியம் கற்பித்துக் கூட்டிசைக் குழுக்களாக அமைக்கும் பேரியக்கத்தைத் தொடங்கினார். ஏழைச் சிறுவரை இசை கைதூக்கிவிடும் என்பது அதன் குறிக்கோள். அதைச் சோதிக்க 2012, 2013 ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 16 இசை நிலையங்களில் சேர விரும்பிய 2,914 சிறுவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் உடனே சேர்ந்தனர். மற்றவர் ஓராண்டு கழித்துச் சேர்ந்தனர். இசை பயின்ற பிரிவில் தன்னடக்கம் ஓரளவு வளர்ந்தது. ஆண்பிள்ளைகளிடம், அதிலும் வன்முறை சூழ்ந்த வாழ்வில் இருந்தவரிடம், முரட்டு நடத்தை குறைந்தது. எதிர்பார்த்த மற்றப் பல நன்மைகள் தெளிவாகத் தென்படவில்லை.

ஆனால் அவ்வாராய்ச்சி தற்செயலாக மற்றோர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. சேர வந்த சிறுவர்களுள் வறுமையில் வாடியவர் நூற்றுக்கு 16.7 பேர், அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ வறுமையில் இருந்தவர் நூற்றுக்கு 46.5 பேர். ஏழைகளுக்காக விரித்த பாயில் ஏழைகள் போதிய அளவில் வந்து அமரவில்லை. இசை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. எவனுக்குப் பயன் மிகுதியாக இருக்குமோ, அவன் வாயிற்படி தாண்டி உள்ளே வரவில்லை என்பதே பொருள். பாரிசில் 1966இல் எழுந்த வினா, கராகசில் மீண்டும் எழுந்து நின்றது.

இறுதியாக, என்னை உறங்கவிடாத ஆராய்ச்சி ஒன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கலை வகுப்புகள் குறைந்துபோன பள்ளிகள் பல இருந்தன. அந்நகரின் கலை நிலையங்களும் கல்வித் துறையும் சேர்ந்து, கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்து வரவும், மாணவரை அரங்குகளுக்கு அழைத்துச் செல்லவும் ஒரு திட்டம் வகுத்தன. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே காலத்தில் கொடுக்க வசதியில்லை. ஆகவே 42 பள்ளிகளைக் குலுக்கிப் பாதிக்கு முதலில் கொடுத்தனர். குலுக்கல் என்பது எத்துணைப் பெரிய கருவி பாருங்கள்! பணக்காரப் பள்ளி, ஏழைப் பள்ளி, நல்ல தலைமையாசிரியர், சோம்பல் தலைமையாசிரியர் எல்லாரும் இரு தட்டிலும் ஏறத்தாழச் சமமாக விழுவர். பின்னர் காணும் வேற்றுமைக்குக் கலையையே காரணமாகக் கூறலாம்.

டேனியல் போவன், பிரையன் கிசிடா இருவரும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த 10,548 மாணவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். கலை கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு மீறித் தண்டனை பெற்ற மாணவர் விகிதம் நூற்றுக்கு 3.6 குறைந்தது. எழுத்துத் தேர்வில், அதாவது கட்டுரை வன்மையை அளக்கும் தேர்வில், மதிப்பெண் திட்ட விலக்கத்தில் நூற்றுக்கு 13 பங்கு உயர்ந்தது. பிறர் துன்பத்துக்கு இரங்கும் பண்பு நூற்றுக்கு 8 பங்கு உயர்ந்தது. இவை மலை போன்ற மாற்றங்கள் அல்ல, சிறியவையே. ஆனால் உறுதியானவை. கணக்கு, வாசிப்பு ஆகிய தேர்வுகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். கலைக்குக் கொடுத்த நேரத்தால் கணக்குக் குறையவில்லை! அந்த அச்சத்தால் அல்லவா நான் ஓவிய வகுப்பைப் பறித்தேன்?

இங்கே நானும் ஆராய்ச்சி ஒழுக்கத்தோடு பேச வேண்டும். ஹூஸ்டன் வேறு, என் சிற்றூர் வேறு. அங்கு விளைந்தது இங்கும் அப்படியே விளையும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஓவிய வகுப்பு நின்றதனால்தான் பள்ளியை விட்டான் என்றும் என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. தை அறுவடைக் காலம். அவன் வீட்டில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டிருக்கலாம். எல்லா வகுப்புக்கும் ஒரே நாளில் ஓவியத்தை நிறுத்திவிட்டேன்; ஆதலால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வகுப்பும் மிஞ்சவில்லை. தேர்ச்சி உயர்ந்தது கணக்கு வகுப்பாலா, அவ்வாண்டு மாணவர் கெட்டிக்காரராக இருந்ததாலா, பின்தங்கியவர் தேர்வுக்கே வராமல் நின்றதாலா? பயிற்சிக் கல்லூரியில் அளவிடுதலும் மதிப்பிடுதலும் ஒரு பாடமாகப் படித்துத் தேறியவன் நான். பதிவேடு என் மேசைமேலேயே இருந்தது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளின் வருகையை மற்ற நாட்களோடு ஒப்பிட ஒரு மாலைப் பொழுது போதும். அதை நான் செய்யவில்லை. ஓவிய ஆசிரியரிடம் சான்று கேட்ட நான், என் முடிவுக்கு என்னிடம் சான்று கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். கலையை ஒரு மருந்தாக மட்டும் எண்ணி, இத்தனை குற்றம் குறைந்தது, இத்தனை மதிப்பெண் ஏறியது என்று மட்டுமே பேசினால், ஒருநாள் வேறு மலிவான மருந்து கிடைத்ததும் கலையைத் தள்ளிவிடுவோம். 2016இல் இங்கிலாந்தில் ஜெஃப்ரி கிராசிக், பத்ரிசியா கஷின்ஸ்கா இருவர் வெளியிட்ட பெரிய அறிக்கை இதனைத்தான் நினைவூட்டியது. கலையின் மதிப்பை அறியத் தொடங்க வேண்டிய இடம், அதில் ஈடுபட்ட தனி மனிதரின் அனுபவம் என்று அது கூறியது. பாடும்போது ஒருவர்க்குள் நிகழ்வது என்ன? நாடகத்தில் பகைவன் வேடம் புனையும் மாணவன் ஒரு மணி நேரம் பகைவனின் கண்ணால் உலகைப் பார்க்கிறானே, அப்போது அவனுள் அசைவது என்ன? அந்த அசைவு இருந்தால்தான் மற்ற நன்மைகள் பின்தொடரும். விதை முளைக்காமல் விளைச்சலை அளப்பது எப்படி?

ஆதலால், மாணவர்களே, நாளை நீங்கள் கல்வி அதிகாரிகளாகவும், ஊராட்சித் தலைவர்களாகவும், ஆசிரியர்களாகவும் அமரும்போது இரண்டு செய்திகளை மறவாதீர்கள். கலையால் எல்லாம் கூடும் என்று எவரேனும் முழங்கினால், யாரை எண்ணினீர்கள், யாரை எண்ணாமல் விட்டீர்கள் என்று பணிவோடு கேளுங்கள். கலையால் ஒன்றும் ஆகாது, அது வீண் செலவு என்று எவரேனும் கூறினால், அதே கேள்வியை அவரிடமும் கேளுங்கள். அன்று என் அறையில் நின்ற ஓவிய ஆசிரியர் என்னிடம் அதைத் திருப்பிக் கேட்டிருந்தால், என்னிடம் விடை இருந்திராது.

உங்கள் வகுப்பில் ஒரு நாற்காலி சில நாட்களாக வெறுமையாக இருக்கிறதா? அங்கு அமர்ந்தவர்க்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தலைமையாசிரியர்க்குத் தெரியாது. போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து எங்களுக்கும் சொல்லுங்கள்.